மலிவு விலை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: குறி நிலையாக நிற்கவில்லை, வைத்துக்கொள்வதா விற்பதா?

முதல்சீசன்:
வணக்கம். நான் சொந்தமாக வாங்கிய முதல் ரைஃபிள் இது. .308 ரகத் தோட்டா, பிளாஸ்டிக் ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), ஸ்கோப்பும் பொருத்தியே விற்ற மலிவு ரகம். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் திட்டவும் மீதிப் பேர் தாங்கிப் பேசவும் ஆரம்பித்து என் கேள்வி காணாமல் போய்விடும்.

பிரச்சினை இதுதான். 100 மீட்டரில் முதல் மூன்று குண்டு 4 செ.மீ.க்குள் விழுகிறது, மனசு குளிர்ந்துவிடும். நாலாவது எங்கோ போகும், ஐந்தாவது மறுபடி பழைய இடத்துக்கே வரும், ஆறாவது நாலாவதின் பக்கத்தில் உட்காரும். மொத்தமாக அளந்தால் 12 செ.மீ. வருகிறது. 150 கிரெய்ன் எடைக் குண்டு, ஒரே பெட்டித் தோட்டாதான். முன்னால் பைபாட் (இரண்டு கால் தாங்கி), தோளுக்கு அடியில் துணி மூட்டை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் வேறு மணலில் இழுப்பது போலக் கரகரவென்று வருகிறது. வேட்டை சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கிறது. இதே ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா, இல்லை நான்தான் எங்கோ சொதப்புகிறேனா?

மூன்றுலக்:
விற்காதீர்கள். நான் ஏழு வருஷமாக ருகர் அமெரிக்கன் வைத்திருக்கிறேன், அதுவும் .308 தான். போல்ட்டில் மூன்று லக் (பூட்டும் பற்கள்) இருப்பதால் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. ட்ரிக்கரை 3 முதல் 5 பவுண்டுக்குள் நாமே வைத்துக்கொள்ளலாம். அழகு கிடையாது, தூரத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர்க் குழாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் நல்ல தோட்டா போட்டால் 3 செ.மீ. குரூப் (குண்டுகள் விழும் கும்பலின் அகலம்) சாதாரணமாக வருகிறது. கரகரப்புக்குப் பயப்படாதீர்கள், மலிவு ரகத்தில் உள்ளே மெருகு போட மாட்டார்கள். தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, லக்கின் பின்பக்கம் துளி கிரீஸ் தடவி, டிவி பார்க்கும்போது இருநூறு தடவை இழுத்து மூடுங்கள். தானாக வழுக்கும்.

தேக்குக்கட்டை:
பைபாட் என்றதுமே எனக்கு ஸ்டாக் மேல்தான் சந்தேகம். இந்த விலை ரகத்தில் முன்கட்டை உள்ளே கூடுதான், வெறும் விலா எலும்பு மாதிரி பிளாஸ்டிக் தடுப்புகள். பைபாட்டில் தோளைக் கொடுத்து அழுத்தினால் முன்கட்டை வளைந்து பேரலைத் தொடும். தொட்டால் குண்டு இடம் மாறும்.

சோதனை சுலபம். தோட்டாவை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ரிசீவர் (பேரல் பூட்டியிருக்கும் உடல் பாகம்) வரை இழுத்துப் பாருங்கள். முதலில் ரைஃபிள் சும்மா கிடக்கும்போது, அப்புறம் சுடுவது போலவே பைபாட்டில் சாய்ந்துகொண்டு. இரண்டாவது தடவை தாள் சிக்கினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

குறிதவறி:
பேரல் சூடாவதும் காரணமாக இருக்கலாமே? வேட்டை ரைஃபிளுக்கு மெல்லிய பேரல்தான், மூன்று குண்டுக்கு மேல் போனால் தொட முடியாது. என்னுடையது சூடேறினால் வலப்பக்கமாக மேலே ஏறும். மூன்று சுட்டுவிட்டுப் பத்து நிமிஷம் ஆற விட்டுப் பாருங்கள். வேட்டையில் மூன்றாவது குண்டுக்கு வேலை வந்தாலே நம் மேல்தான் தப்பு, அதனால் நான் இதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

பழையசுத்தியல்:
சூடு இல்லை. முதல் பதிவை இன்னொரு தடவை படியுங்கள்: நாலாவது வெளியே, ஐந்தாவது பழைய இடம், ஆறாவது நாலாவதின் பக்கத்தில். சூட்டினால் ஏறும் குண்டு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும், வீட்டுக்குத் திரும்பி வராது. தம்பி, தாளில் துளைகள் இரண்டு கும்பலாக இருக்கின்றனவா? ஆமாம் என்றால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது என்று அர்த்தம். ஸ்டாக், ஸ்கோப், ஸ்கோப் உட்காரும் பேஸ், இந்த மூன்றில் ஒன்று.

பேரலை நான் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். 1958இல் சாவேஜ் 110 ரைஃபிள் வந்தபோது நிக்கோலஸ் ப்ரூவர் பேரலை ஒரு நட்டு வைத்துப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார். தோட்டா உட்காரும் ஆழத்தை கேஜ் (அளவுக் கருவி) வைத்துச் சரிபார்த்து நட்டை இறுக்கினால் முடிந்தது, ஒவ்வொன்றாக ராவிப் பொருத்தக் கைதேர்ந்த ஆள் தேவையில்லை. இன்று மலிவாக விற்கும் ரைஃபிள்களில் பலவும் அந்த வழியில்தான் வருகின்றன. ஆகவே பேரலும் அது உட்காரும் விதமும் பெரும்பாலும் விலைக்கு மேலேயே இருக்கும். காசை மிச்சம் பிடித்தது ஸ்டாக்கில், மேகசினில், கூடவே கொடுத்த ஸ்கோப்பில், அதைப் பூட்டிய ஆளின் பொறுமையில்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி மாட்டினால் எது குற்றவாளி என்று சாகும்வரை தெரியாது.

முதல்சீசன்:
அண்ணா, இரண்டு கும்பல்தான்! நான் அதைக் கவனிக்கவே இல்லை, வெறுமனே சிதறல் என்று நினைத்திருந்தேன். இடது வலதாக, நடுவில் 8 செ.மீ. இடைவெளி.

தாள் சோதனையும் செய்தேன். சும்மா இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போனது, பைபாட்டில் சாய்ந்தபோது நுனியில் சிக்கியது. உப்புத்தாளை ஒரு மரக்குச்சியில் சுற்றிக் கட்டையின் உள்பக்கத்தை ஒரு மணி நேரம் தேய்த்து இடைவெளி உண்டாக்கிவிட்டு, பைபாட்டையும் கழற்றி மணல்பையின் மேல் வைத்துச் சுட்டேன். மேலே கீழே அலைந்தது நின்றது. ஆனால் இடது வலது கும்பல் அப்படியே இருக்கிறது. ஸ்கோப்பைக் கையால் அசைத்தால் ஆடவில்லை. ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகு எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றுலக்:
ஆக்‌ஷன் திருகு? கீழே இருந்து ஸ்டாக்கைப் பூட்டும் இரண்டும். உங்கள் கையேட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது) இறுக்குங்கள், கை உணர்ச்சியை நம்பாதீர்கள். பிளாஸ்டிக்கில் அதிகம் இறுக்கினாலும் நசுங்கும்.

பழையசுத்தியல்:
அதையும் பார். ஆனால் கும்பல் இடது வலதாகப் பிரிகிறது என்றால் என் கை நேராக முன்பக்க பேஸுக்குத்தான் போகும். ஸ்கோப்பையும் ரிங்கையும் கழற்று. முன் பேஸில் இரண்டு திருகு இருக்கும். ஒன்றை முழுசாக எடுத்துவிட்டு மற்றதை மட்டும் இறுக்கி, பேஸை விரலால் திருகிப் பார். அப்புறம் மாற்றிச் செய். திருகு இறுகியும் பேஸ் அசைந்தால் திருகு நீளம். அடியில் பேரலின் மறையில் போய் முட்டி நிற்கும், கைக்கு இறுகியது போலவே இருக்கும், ஆனால் பேஸைப் பிடித்திருக்காது. அப்போது பேஸ் மற்ற திருகையே அச்சாக வைத்து மயிரளவு திரும்பும்.

கணக்கும் போட்டுக்கொள். இரண்டு ரிங்குக்கும் நடுவே 13 செ.மீ. என்று வை. முன்பக்கம் 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு சாதாரணத் தாளின் கனம், 100 மீட்டரில் ஏறக்குறைய 7.7 செ.மீ. தள்ளும். உன் கும்பல்களின் இடைவெளி எவ்வளவு என்றாய்?

குறிதவறி:
அடேங்கப்பா.

முதல்சீசன்:
மூன்று நாளாக எழுத நேரமில்லை, மன்னிக்கவும். கிடைத்துவிட்டது.

முன் பேஸின் முதல் திருகு. தனியாக அதை மட்டும் வைத்து, இதற்கு மேல் போனால் தலை தேய்ந்துவிடும் என்கிற வரை இறுக்கினேன். கட்டை விரலால் தள்ளினால் பேஸ் டிக் டிக் என்று இரண்டு பக்கமும் ஆடுகிறது! வெளியே எடுத்துப் பார்த்தால் நுனி நசுங்கித் தட்டையாக, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. பக்கத்துத் திருகோடு வைத்து அளந்தேன், இது ஒரு மறை சுற்று அளவு அதிக நீளம். பின் பேஸுக்குப் போக வேண்டியது முன்னால் வந்திருக்கிறது. பின்னால் இருந்த குட்டியை முன்னால் போட்டதும் பேஸ் பாறையாகிவிட்டது. மறைகளில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு நீலநிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு வைத்தேன். ரிங் திருகுகளைக் கையேட்டில் சொன்னபடி 18 இன்ச்-பவுண்டுக்கு, ஒரே பக்கமாக இறுக்காமல் குறுக்காக மாறி மாறி.

இன்று காலை பத்துக் குண்டு சுட்டேன், ஐந்தைந்தாக, நடுவே நன்றாக ஆற விட்டு. ஒரு குரூப் 3.5, இன்னொன்று 4. பத்தையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்தால் 4.5 செ.மீ. ஒரே கும்பல். மானின் நெஞ்சுப் பகுதியை 20 செ.மீ. வட்டமாகத்தானே கணக்கு வைக்கிறார்கள், இது எனக்கு ஏகப்பட்டது.

அப்புறம் கருத்துக் கேட்டு வருபவர்களுக்காக இதே ரக ரைஃபிள் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு, மழையில் நனைந்தாலும் ஸ்டாக் ஊதாது, ட்ரிக்கர் கொஞ்சம் இழுக்கிறது, பழகிவிட்டது. மேகசின் பிளாஸ்டிக், மாட்டும்போது டக் என்ற சத்தம் வரும்வரை கீழிருந்து தட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடக்கும்போது கழன்று விழும். எனக்கு ஒரு தடவை விழுந்தது. ஸ்கோப் மட்டும் அடுத்த வருஷம் மாற்றுவேன், மாலை வெளிச்சத்தில் படம் சாம்பல் பூத்துவிடுகிறது.

தேக்குக்கட்டை:
பைபாட்டை மறுபடி மாட்டினால் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தேய்த்த இடைவெளி போதாமல் இருக்கலாம்.

பழையசுத்தியல்:
நல்லது தம்பி. திருகுத் தலைக்கும் பேஸுக்கும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வை, திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். காட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் ஆறிய பேரலில் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார். அது எங்கே விழுகிறதோ அதுதான் உன் குறி.

குறிதவறி:
என் ரைஃபிளின் முன் பேஸை இப்போதுதான் கழற்றினேன். நுனி மின்னுகிறது.