இயற்பியல் பட்டதாரி முதுகலையில் எதை எடுப்பது: இறையியலா, சமயவியலா?

நீள்வழி (கேள்வி)

வணக்கம். இளநிலையில் நான் படித்தது இயற்பியல்; வேலை பார்ப்பது மென்பொருள் துறையில். இரண்டுக்கும் தொடர்பில்லாமல், பல ஆண்டுகளாக என் வாசிப்பு துறவு வாழ்க்கையைச் சுற்றியே இருந்து வருகிறது. எகிப்தியப் பாலைநிலத்தில் 4-ஆம் நூற்றாண்டில் தோன்றிய கிறித்தவத் துறவு மடங்கள் ஒரு பக்கம், பௌத்த சங்கத்தின் விநய நூல்கள், அதாவது துறவியருக்கான ஒழுக்க விதிநூல்கள், மறுபக்கம். வீட்டையும் உறவையும் உதறிவிட்டு வெளியேறியவர்கள், உறங்குவது, உண்பது, உடுப்பது என ஒவ்வொன்றுக்கும் விதி வகுத்துக்கொண்டு மறுபடியும் ஒரு கூட்டமாக வாழத் தொடங்கியது ஏன் என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை. இதை முறையாகப் படிக்க வேண்டும், இயன்றால் முனைவர் பட்டம் வரை செல்ல வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் குழப்பம் வந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் சமயவியல் முதுகலை, இறையியல் முதுகலை, எம்.டி.எஸ். (Master of Theological Studies), எம்.டிவ். (Master of Divinity) என்று பல பட்டங்கள் இருக்கின்றன. பாடப் பட்டியலிலோ பாதிக்கு மேல் பொதுவான பாடங்கள். இவற்றுள் எது முனைவர் பட்டத்திற்கு இட்டுச் செல்லும்? நான் எந்தச் சமயத்தையும் கடைப்பிடிப்பவன் அல்லன். எந்தச் சமயத்தின் மீதும் பகையும் இல்லை. இறையியல் துறையில் என்னைப் போன்றவனுக்கு இடமுண்டா? இளநிலையில் தொடர்பில்லாத பாடம் படித்தது எவ்வளவு பெரிய தடை? துறைக்குள் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஓலைநறுக்கு

பட்டத்தின் பெயரைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் கேள்விக்கு விடை எந்த நூல்களில் இருக்கிறது, அந்நூல்கள் எந்த மொழிகளில் கிடைக்கின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். சமயவியல் துறையில் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். முதுகலையின் இரண்டாம் பருவத்தில் திணறும் மாணவர்களில் பெரும்பாலோர் கோட்பாடு புரியாமல் திணறுவதில்லை. தாங்கள் எடுத்துக்கொண்ட மூலநூலைத் தாங்களே படிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

இரு துறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயத்தின் உள்ளிருந்து, அது தன் நம்பிக்கையை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆராய்வது இறையியல். எந்தச் சமயத்தின் மெய்ம்மைக்கும் பொறுப்பேற்காமல், மனிதர்கள் சமயமாக எதைச் செய்தார்கள், எழுதினார்கள், நம்பினார்கள் என்று ஆராய்வது சமயவியல். மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1870-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் தனி அறிவியல் வேண்டும் என்று வாதிட்டதும், 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் வழிபாட்டு நோக்கில் விவிலியம் வாசிப்பதைத் தடுத்த அதே தீர்ப்பில் சமயத்தைப் பற்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியதும், 1967-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட்டின் தலைமையில் சமயவியலுக்கென்றே ஒரு துறை தொடங்கப்பட்டதும் இந்தப் பிரிவினையின் முக்கியமான கட்டங்கள். ஆனால் நடைமுறையில் வேலி அவ்வளவு உயரமானது அன்று. ஒரே கிரேக்க வகுப்பில் இரு துறை மாணவர்களும் அருகருகே உட்கார்ந்து படிப்பதை எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் காணலாம்.

இனி மொழிக்கு வருகிறேன். எகிப்திய மடங்களுக்கு முதன்முதலில் விதி வகுத்தவராகக் கருதப்படும் பக்கோமியுசின் விதிகள் கோப்திய மொழியில் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கின்றன. முழுமையாகக் கிடைப்பது 404-இல் விவிலிய மொழிபெயர்ப்பாளர் ஜெரோம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. விநயத்தின் நிலை இன்னும் சிக்கலானது. தேரவாதப் பௌத்தர்களின் விநயம் பாலியில் இருக்கிறது. சர்வாஸ்திவாத, தர்மகுப்தக, மகாசாங்கிக, மகீசாசக என்னும் பிற பௌத்தப் பிரிவுகளின் விநயங்கள் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. மூலசர்வாஸ்திவாத விநயம் திபெத்தியத்தில் பேரளவில் உள்ளது, அதன் சமஸ்கிருத மூலத்தின் கணிசமான பகுதி 1931-இல் காஷ்மீர்ப் பகுதியின் கில்கித்தில் கண்டெடுக்கப்பட்ட ஏடுகளால் நமக்குத் தெரிய வந்தது.

இத்தனை மொழிகளையும் கற்றாக வேண்டும் என்று அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மொழி எப்படி முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பிக்குவைச் சங்கத்திலிருந்து நீக்கும் பாராஜிகக் குற்றங்கள் நான்கு: புணர்ச்சி, திருட்டு, மனிதக் கொலை, தான் அடையாத ஞானநிலையை அடைந்ததாகப் பொய் சொல்லுதல். நான்காவது குற்றத்தைச் செய்தவனைக் குருத்து வெட்டப்பட்ட பனைக்கு ஒப்பிடுகிறது பாலி நூல். அது மீண்டும் தழைக்காது. இதை மட்டும் படித்தவர், பௌத்தத் துறவில் வீழ்ந்தவனுக்கு மறுவழி இல்லை என்று எழுதிவிடுவார். ஆனால் மூலசர்வாஸ்திவாத விநயம் முதலானவற்றில், முதற்குற்றத்தைச் செய்துவிட்டு ஒரு கணமும் மறைக்காமல் ஒப்புக்கொண்ட பிக்கு, தாழ்த்தப்பட்ட நிலையில் வாழ்நாள் முழுவதும் சங்கத்திலேயே தொடர்வதற்கு விதி இருக்கிறது. பாலியோடு நின்றுவிட்டால் இது கண்ணில் படவே படாது.

ஆகவே உங்கள் கேள்வி அழகாக இருந்தாலும், முதுகலைக்கு அது மிகப் பெரியது. கூட்டு வாழ்க்கை ஏன் தோன்றியது என்று கேட்பதைவிட, விதியை மீறியவனை அக்கூட்டம் என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிறித்தவப் பக்கத்திற்கு ஒன்று, பௌத்தப் பக்கத்திற்கு ஒன்று என இரு மொழிகள் போதும்.

மறையுரை

இறையியலில் முதுகலையும் அதற்கு மேலும் படித்தவன் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். முந்தைய பதிவர் இறையியலை உள்ளிருந்து ஆராய்வது என்றார். சரிதான், ஆனால் உள்ளே நடப்பது வெளியில் இருப்பவர்கள் நினைப்பது போல் அமைதியான வேலை அன்று.

மாற்கு நற்செய்தியின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விவிலியக் கையெழுத்துப் படிகளான சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அந்நூல் 16-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். அஞ்சியதால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உயிர்த்த இயேசு தோன்றும் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் அச்சுவடிகளில் இல்லை. எது மூல முடிவு என்று கேட்பவர் மூலபாட ஆய்வாளர். பின்னால் சேர்ந்த பகுதியாகவே இருந்தாலும் திருச்சபை பல நூற்றாண்டுகளாக மறைநூலாக வாசித்து வந்த ஒன்றுக்கு என்ன அதிகாரம், அச்சத்தோடும் மௌனத்தோடும் முடியும் ஒரு நற்செய்தி எதை அறிவிக்கிறது என்று கேட்பவர் இறையியலாளர். அந்தக் கூடுதல் பகுதியில் வரும் பாம்புகளைக் கையில் எடுப்பது பற்றிய 18-ஆம் வசனத்தை வைத்துக்கொண்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகளில் வழிபாட்டின்போது நச்சுப்பாம்புகளைக் கையில் பிடிப்பவர்களைப் போய்ப் பார்ப்பவர் சமயவியலாளர். உங்களுக்கு இம்மூன்றில் எந்தக் கேள்வி இயல்பாக வருகிறதோ, அந்தத் துறைக்குச் செல்லுங்கள்.

நம்பிக்கையில்லாதவருக்கு இடமுண்டா என்றால், அது துறையைவிட நிறுவனத்தைப் பொறுத்தது. எடின்பரோ, ஹார்வர்டு, சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களின் இறையியல் பள்ளிகளில் பல சமயத்தவரும், எச்சமயமும் சாராதவரும் படிக்கிறார்கள். ஜெர்மனியில் இறையியல் புலங்கள் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்று திருச்சபை வாரியாகப் பிரிந்தவை. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. அங்கு இறையியலில் முனைவர் பட்டம் பெற அந்தத் திருச்சபையின் உறுப்பினராக இருக்கும்படி கேட்பது வழக்கம். கிரேக்கம், எபிரேயம், லத்தீன் தேர்ச்சியும் பெரும்பாலும் கேட்கப்படும். ஒரு திருச்சபை தன் ஊழியர்களைப் பயிற்றுவிப்பதற்காக நடத்தும் இறையியல் கல்லூரியாக இருந்தால், சேர்க்கைப் படிவத்திலேயே நம்பிக்கை அறிக்கையில் கையொப்பமிடச் சொல்லலாம். மனமில்லாமல் அதில் ஒப்பமிட்டுச் சேர்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உடன் படிப்பவர்கள் தங்கள் வாழ்க்கையையே பணயமாக வைத்து வந்திருப்பார்கள்.

நீள்வழி

இருவருக்கும் மிக்க நன்றி. மாற்கு எடுத்துக்காட்டைப் படித்ததும், எனக்கு வருவது பாம்பு பிடிப்பவர்களைப் பற்றிய கேள்விதான் என்று தெரிந்துவிட்டது. எனவே சமயவியலை எடுப்பதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எஞ்சியிருப்பது செலவும், இயற்பியல் பட்டமும். என் பேராசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் என் ஆய்வகத் திறமையைத் தவிர வேறென்ன இருக்கும்?

கணக்கன்

நிர்வாகப் பக்கத்திலிருந்து சில செய்திகள். மேலே இருவரும் எழுதியவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, இத்துறையில் அது பழைய வழக்கம்.

முதலில் பட்டங்கள். எம்.டிவ். என்பது குருத்துவப் பணிக்கும், மருத்துவமனை போன்ற இடங்களில் ஆறுதல் தரும் ஆன்மிகத் துணைப்பணிக்கும் தயார்செய்யும், அமெரிக்காவில் வழக்கமாக மூன்றாண்டு நீளும் தொழிற்பட்டம்; மறையுரை ஆற்றுவதும் களப்பயிற்சியும் அதில் அடங்கும். உங்களுக்கு அது தேவையில்லை. எம்.டி.எஸ். ஈராண்டுக் கல்விப் பட்டம். பெயரில் இறையியல் இருந்தாலும் சமயவியல் முனைவர் பட்டத்திற்குச் செல்பவர்கள் பலர் இதன் வழியாகத்தான் செல்கிறார்கள். டிஎச்.எம். (Master of Theology) என்பது எம்.டிவ். முடித்தவர்களுக்கான மேற்படிப்பு. பிரிட்டனில் பாடவழி முதுகலை பெரும்பாலும் ஓராண்டே. செலவு குறையும் என்று பலர் அதைத் தேர்கிறார்கள். ஆனால் வேறு துறையிலிருந்து வருபவருக்கு அது அவசரப் படிப்பாகிவிடும். செப்டம்பரில் பாலியின் அரிச்சுவடியைத் தொடங்கிவிட்டு, குளிர்காலம் முடிவதற்குள் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தில் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு நல்ல கட்டுரைகூட இருக்காது. உங்கள் நிலையில் நான் ஈராண்டுப் படிப்பையே எடுப்பேன்.

முதுகலைக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் மாதாந்திரத் தொகையும் பொதுவாக உண்டு. அதற்கேற்பப் போட்டியும் கடுமையாக இருக்கும். முதுகலைக்காகப் பெருங்கடன் வாங்காதீர்கள். பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கான நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டே உள்ளே வாருங்கள். கற்பித்தலைத் தவிர மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணைப்பணி, பதிப்புத்துறை, நூலகங்களின் சுவடிப் பிரிவு ஆகியவற்றிலும் வேலை உண்டு. முதலாவது வேலைக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் துணைப்பணியாளருக்கான வாரியச் சான்று பெற நான்கு அலகு மருத்துவமனைப் பயிற்சி கேட்பார்கள், ஓர் அலகு குறைந்தது 400 மணி நேரம்.

பரிந்துரைக் கடிதத்திற்கு வழி இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே ஏதேனும் பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பிலோ பட்டமற்ற பாடத்திலோ சேர்ந்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் ஒன்றும், உங்கள் எழுத்தைப் படித்த ஆசிரியர் ஒருவரும் கிடைப்பார்கள். இயற்பியல் பேராசிரியரின் கடிதம் ஒன்று இருப்பதில் தவறில்லை. அனுப்பும் மூன்று கடிதங்களும் இயற்பியல் பேராசிரியர்களுடையவையாகவே இருந்தால், உங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு மதிப்பிட ஒன்றும் இருக்காது.

ஓலைநறுக்கு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். விண்ணப்பத்தில் வைக்கும் நோக்க அறிக்கையில், இயற்பியலிலிருந்து ஏன் விலகினீர்கள் என்பதற்கு ஒரு வரிக்கு மேல் செலவிடாதீர்கள். சிறுவயது முதல் ஆன்மிக நாட்டம் உண்டு என்று தொடங்கும் அறிக்கைகளை ஆண்டுதோறும் படித்துச் சலித்தவர்கள் நாங்கள். எந்த நூலின் எந்தப் பகுதி, அதில் இதுவரை கவனிக்கப்படாதது என்ன, அதைப் படிக்க எந்த மொழியில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதினால், அதே துறைக்காரர் எழுதியதைவிட உங்களுடையது மேலே நிற்கும். அந்தப் பகுதியில் வேலை செய்யும் ஆசிரியர் அந்தத் துறையில் இருக்கிறாரா, அவ்வாண்டு மாணவர்களை ஏற்கிறாரா என்று முன்கூட்டியே ஒரு சிறு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது வீண்.

மேற்கத்திய மரபில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், எகிப்துக்குப் போவதற்கு முன்பு, 6-ஆம் நூற்றாண்டில் துறவி பெனடிக்டு மடங்களுக்காக லத்தீனில் எழுதிய விதிநூலை எடுங்கள். அதன் 23 முதல் 30 வரையிலான அதிகாரங்கள் தவறு செய்தவர்களை மடம் எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பற்றியவை. தன் குற்றத்தால் மடத்தைவிட்டு வெளியேறிய சகோதரர் திருந்தி வருவதாக உறுதியளித்தால் மூன்று முறை வரை ஏற்கலாம், ஆனால் கடைசி இடத்தில் நிறுத்த வேண்டும் என்கிறது 29-ஆம் அதிகாரம். நான் மேலே சொன்ன மூலசர்வாஸ்திவாத பிக்குவின் தாழ்த்தப்பட்ட நிலையோடு இதை வைத்துப் பார்த்தால் உங்கள் முதுகலைக் கட்டுரைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அந்த அதிகாரம் சில வரிகள்தான். லத்தீன் இலக்கணம் ஒரு சுற்று முடித்ததும் அகராதியை வைத்துக்கொண்டு நீங்களே படித்துவிடலாம்.