உதவி: அம்மாவின் சர்க்கரை சென்சார் இரவில் மட்டும் அலாரம் அடிக்கிறது

திருச்சி_மகள்:
அம்மாவுக்குக் கையில் ஒட்டும் சென்சார் பொருத்தி ஐந்து நாள்கள் ஆகின்றன. பகலில் அளவு சரியாக இருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் 54 என்று காட்டி அலறுகிறது, சில நேரம் ‘சிக்னல் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. நேற்றுப் பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 240. அவசரம்.

வன்பொருள்_வேலு:
எந்தக் கை, எந்தப் பக்கம் படுப்பார், கைபேசி இரவில் எங்கே இருக்கும், எதையுமே நீங்கள் சொல்லவில்லையே.

நாசர்:
வைஃபை ரவுட்டர்தான் காரணம். புளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவதால் மோதுகின்றன. இரவில் ரவுட்டரை அணைத்துவிடுங்கள்.

மூத்த_உறுப்பினர்:
இணைப்பு அறுவதும் அளவு குறைவதும் வேறு வேறு கோளாறுகள் என்ற அடிப்படையைப் படித்துவிட்டு வந்து பதில் எழுதுங்கள் நாசர். அலைகள் மோதினால் தகவல் வராமல் போகலாம். 118 என்று இருக்கும் அளவு அதனால் 54 ஆக மாறாது.

பழைய_முறை:
விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருக்க, இந்தச் செலவு எதற்கு?

மூத்த_உறுப்பினர்:
தூக்கத்தில் சர்க்கரை இறங்குவதை அந்தக் கருவி எழுப்பிச் சொல்லுமா ஐயா?

செவிலி_மலர்:
இரண்டு கோளாறுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், சகோதரி. சென்சார் அளப்பது இரத்தத்தை அன்று. தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே உள்ள நீரைத்தான். கை உடம்புக்கடியில் அழுந்தும்போது அவ்விடத்தில் நீரோட்டம் குறைந்து, அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டும். அதே நேரத்தில், பெரும்பகுதி நீராலான நம் உடம்பு சென்சார் அனுப்பும் புளூடூத் அலையை உறிஞ்சிவிடுவதால், தொலைவில் உள்ள கைபேசிக்குச் சிக்னல் எட்டாமல் போகும். அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒலித்தால் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, கை கழுவி, விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தாலோ தாமதிக்காமல் சர்க்கரை கொடுங்கள். சென்சார் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும் என்பதால், எண் உடனே ஏறவில்லையென்று மேலும் மேலும் கொடுக்க வேண்டாம். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். அம்மா இன்சுலின் போடுகிறாரா, மாத்திரை மட்டுமா?

வன்பொருள்_வேலு:
கைபேசியின் பேட்டரி சேமிப்பும் இரவில் செயலியை நிறுத்திவிடும். அதற்கு விலக்குக் கொடுங்கள்.

திருச்சி_மகள்:
சென்சார் இடக்கையில் இருந்தது, இடப்பக்கமே படுப்பார். கைபேசி கூடத்தில் சார்ஜில் இருந்தது. நேற்றிரவு முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து வலப்பக்கம் படுக்க வைத்தேன், கைபேசியைத் தலைமாட்டில் வைத்தேன். ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. நன்றி.

செவிலி_மலர்:
மகிழ்ச்சி. இன்சுலின் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள் சகோதரி. இன்சுலின் போடுபவராக இருந்தால், இரவில் உண்மையாகவே சர்க்கரை இறங்கவும் கூடும்.