தோட்டத்தை நரி தோண்டிப் போடுகிறது, லண்டனில் யாராவது தடுத்திருக்கிறீர்களா?

மதுரைக்காரி:

வணக்கம். ஹாரோ பக்கம் வீடு. பின்னால் சின்னத் தோட்டம். பலகை அடித்து மண் நிரப்பிய இரண்டு பாத்திகள். ஒன்றில் தண்டுக்கீரையும் வெந்தயமும், இன்னொன்றில் மிளகாயும் அவரையும். குளிர் விட்டதும் நாற்று வைத்தேன். மிளகாய்ப் பாத்தியை மட்டும் நரி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளறிப் போடுகிறது. செடியைத் தின்பதில்லை. வேரோடு பிடுங்கி ஓரத்தில் எறிந்துவிட்டு அரையடி ஆழத்துக்குக் குழி. கீரைப் பாத்தியைத் தொடுவதே இல்லை. இரண்டிலும் ஒரே மண், ஒரே தண்ணீர். மிளகாய்க்கு மட்டும் கூடுதலாக மீன் அமிலம் ஊற்றினேன், ஊரில் அப்பா செய்வதுபோல் மத்திக் கழிவும் வெல்லமும் ஊறவைத்தது.

புல்தரையிலும் ஆங்காங்கே சின்னச் சின்னக் குழிகள். நேற்று கவிழ்த்து வைத்த தொட்டிமேல் கழிந்து வைத்திருக்கிறது, பக்கத்தில் யார் வீட்டுடையதோ ஒரு குழந்தைச் செருப்பு. ஊரில் யாருக்காவது யோகம் அடித்தால் ‘நரி முகத்துல முழிச்சியா’ என்பார்கள். நான் தினமும் முழிக்கிறேன், ஒரு மிளகாய்ச் செடி மிஞ்சவில்லை.

மிளகாய்த்தூள் தூவலாமா? பினாயில்? கவுன்சிலில் வந்து பிடிப்பார்களா? வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். நரி கடித்தால் நாய்க்கடி மாதிரி ஊசி போட வேண்டுமா?

குரோய்டன் குமார்:

மிளகாய்த்தூள் வேண்டாம் மேடம். இந்த ஊர் மழைக்கு ஒரு ராத்திரி நிற்காது. காற்றடித்தால் உங்கள் பையன் கண்ணில்தான் விழும். மற்றதை நம் ஈஸ்ட்ஹாம் அண்ணை வந்து சொல்வார், இந்த விஷயத்தில் அவர்தான் ஆள்.

ஈஸ்ட்ஹாம் தோட்டக்காரன்:

தங்கச்சி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நரிக்கு உங்கள் மிளகாய் தேவையில்லை. மண்ணுக்குள்ளே மீன் கிடக்கிறது என்று அதன் மூக்கு சொல்கிறது. மிஞ்சிய இரையை மண்ணில் புதைத்து வைத்துப் பிறகு வந்து எடுப்பது நரியின் வழக்கம். ஆகவே மண்ணுக்குள்ளிருந்து மீன் மணத்தால் அது கிண்டாமல் போகாது. ஊரில் மீன் கழுவிய தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவோம், பூனை வந்து மோந்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இங்கே அதே வேலைக்கு நரி வருகிறது. கார்டன் சென்டரில் பெட்டியில் விற்கிற ஃபிஷ் பிளட் அண்ட் போன் (மீன், ரத்தம், எலும்பு கலந்த உரம்), போன் மீல் (எலும்புத்தூள்) எல்லாமே இதே கூத்துத்தான். கடற்பாசிச் சாறு வாங்கி ஊற்றுங்கள், அதை நரி சட்டை செய்யாது. மீன் அமிலத்தை ஊருக்குப் போகும்போது அப்பாவின் தோட்டத்தில் ஊற்றலாம்.

இப்போது இருக்கிற மணம் போகக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை பாத்திமேல் கம்பி வலையைத் தட்டையாக விரியுங்கள். கண் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் நாற்று அதற்குள்ளால் மேலே வரும், தண்டு தடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு கம்பியை வெட்டி விடலாம். உடுப்புக் கொழுவுகிற இரும்புக் கம்பியை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, ‘ப’ வடிவில் வளைத்து, கவிழ்த்து மண்ணுக்குள் அழுத்துங்கள். ஓரங்களை நெருக்கமாகக் குத்த வேண்டும். நரி நடுவில் கிண்டாது, ஓரத்தில் மூக்கை விட்டுத் தூக்கித்தான் பார்க்கும். வலை காலில் தட்டுப்பட்டாலே அதற்குப் பிடிக்காது.

புல்தரைக் குழி வேறு கதை. அங்கே அது தேடுவது வண்டுப் புழுவும் மண்புழுவும். மழை பெய்த இரவுக்கு அடுத்த நாள் குழி கூடுதலாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். புல்லுக்கு அடியில் வெள்ளையாகச் சுருண்ட தடித்த புழுக்கள் இருந்தால் முதலில் அவற்றுக்கு மருந்து பாருங்கள். தோட்டப் புழுவுக்கென்று நுண்ணிய நூற்புழு மருந்து விற்கிறார்கள், தண்ணியில் கலந்து ஊற்றுவது. வண்டுப் புழுவுக்கு அதைக் கோடை கடைசியில், மண் சூடாக இருக்கும்போது ஊற்ற வேண்டும்.

செருப்பைப் பார்த்தால் குட்டிகள் இருக்கும் போலத் தெரிகிறது. இங்கே நரி மார்கழி, தை மாதக் குளிரில் சோடி சேரும் (அந்த மாதங்களில் நடுச்சாமத்தில் பெட்டை போடுகிற சத்தத்தைக் கேட்டு யாரையோ கொலை செய்கிறார்கள் என்று போலீசுக்கு ஃபோன் அடித்தவர்கள் உண்டு). மார்ச், ஏப்ரலில் குட்டி போடும், மே, ஜூனில் அவை வெளியே வந்து விளையாடும். செருப்பு, கையுறை, பந்து எல்லாம் அவற்றின் விளையாட்டுச் சாமான். உங்கள் ஷெட்டுக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவசரப்பட்டு அடைக்கக் கூடாது. உள்ளே குட்டி இருக்க அடைத்தால் மூச்சுமுட்டிச் சாகும், அது சட்டப்படியும் குற்றம். ஓட்டை வாயில் கடதாசியைத் தளர்வாகத் திணித்து விடுங்கள். உள்ளே ஆள் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு வெளியே வரும். தொடர்ந்து பல நாட்கள் கடதாசி அசையாமல் இருந்தால் பிறகு கம்பி வலை அடிக்கலாம். வலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கி வெளிப்பக்கமாக மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியால் தோண்டி வரும்.

வேலியை நம்ப வேண்டாம். ஆறடிப் பலகையை நரி ஏறித் தாண்டும், பத்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தால் நுழையும். 2011-இல் லண்டனில் ஷார்ட் என்கிற வானளாவிய கட்டடம் கட்டிக்கொண்டிருந்தபோது 72-ஆவது மாடியில் ஒரு நரி, வேலையாட்கள் மிச்சம் விட்ட சாப்பாட்டில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துத்தான் இறக்கினார்கள். அப்படிப்பட்ட சாதிக்கு உங்கள் வீட்டு வேலி எந்த மூலைக்கு?

நான் காசு கொடுத்து வாங்கியதில் உருப்படியானது ஒன்றுதான், அசைவைக் கண்டால் தானாகத் தண்ணி அடிக்கிற கருவி. தோட்டக் குழாயில் மாட்டி நரி வரும் பாதையைப் பார்க்க வைத்துவிட வேண்டும். பாதை எது என்று தெரியாவிட்டால் வேலியின் அடிப்பலகையைப் பாருங்கள், செம்பட்டை மயிர் ஒட்டியிருக்கும். பகலில் கருவியை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். என் மச்சான் ஒருநாள் பியர் கிளாசோடு வெளியே போய் முழுக நனைந்து, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. காதுக்குக் கேட்காத சத்தம் போடும் பெட்டி காசுக்குக் கேடு. எங்கள் வீட்டு நரி அதற்குப் பக்கத்திலேயே படுத்து வெயில் காய்ந்தது.

பினாயில், ஜெயஸ் ஃப்ளூயிட் மாதிரிக் கிருமிநாசினி எதையும் ஊற்றவே கூடாது. விலங்கு விரட்டுவதற்கென்று அனுமதி பெற்ற மருந்தைத்தான் இங்கே பாவிக்கலாம், விஷம் வைப்பது குற்றம். ஸ்கூட் என்று ஒரு தூள் உண்டு, நம் படிகாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஓர் அலுமினிய உப்பு. தண்ணியில் கரைத்து நரி கழிகிற இடத்தில் விட்டுவிடாமல் தெளித்துவர வேண்டும், மழை பெய்தால் திரும்பவும். எச்சத்தைக் கையுறை போட்டு அன்றன்றே எடுத்துவிடுங்கள். கிடந்தால் இது தன்னுடைய இடம் என்று நினைத்துக்கொள்ளும்.

கவுன்சில் வராது. நரியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கடமை சட்டத்தில் அவர்களுக்கு இல்லை. காசு கொடுத்து ஆள் வைத்துப் பிடித்தாலும் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்து குடியேறும். கூண்டில் பிடித்து வேறு ஊரில் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதுவும் வழக்காகலாம்.

பிள்ளையைப் பற்றி: இந்த நாட்டு நரிகளிடம் விசர்நாய்க்கடி நோய் இல்லை. கடித்தால் டொக்டரிடம் காட்டுங்கள், புண்ணுக்கு மருந்து தருவார். எச்சத்தில் வட்டப்புழு முட்டை இருக்கலாம், ஆகவே விளையாடும் மணல்தொட்டியை இரவில் மூடுங்கள், கையைக் கழுவப் பழக்குங்கள். பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுக்காதீர்கள்.

ஸ்லவ் கோழிப்பண்ணை:

அண்ணை சொன்னதோடு ஒன்று. யாராவது கோழி வைத்திருந்தால் கடையில் ‘சிக்கன் வயர்’ என்று விற்கும் மெல்லிய வலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும், நரியை வெளியே வைக்க ஆகாது. கடித்தே அறுத்துவிடும். புள்ளிக்குப் புள்ளி பற்றவைத்த தடித்த கம்பி வலைதான் வேண்டும். கொண்டி போட்ட கதவையும் முட்டித் திறக்கும், பூட்டு மாட்டுங்கள். அப்புறம், 2024 அக்டோபரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்வது கட்டாயம்.

டூட்டிங் வசந்தா:

எல்லோரும் நரியை வில்லனாக்கிவிட்டீர்கள். எங்கள் பின்சந்தில் எலித் தொல்லை. ஒரு நரிக் குடும்பம் வந்து தங்கிய பிறகு எலி கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. பாத்திக்கு வலை போடுங்கள், மீன் ஊற்றுவதை நிறுத்துங்கள், மற்றபடி அது பாட்டுக்குப் போகட்டும்.

மதுரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஷெட் அடியில் ஓட்டை இருக்கிறது, நாளைக்குப் பேப்பர் வைக்கிறேன். இன்னும் ஒரு சிக்கல் அண்ணா. மாமியார் அமாவாசைக்கு ஷெட் கூரையில் காக்காவுக்குச் சோறும் வடையும் வைக்கிறார். சில நாள் காக்கா வராமல் அது ராத்திரிவரை அங்கேயே கிடக்கிறது. வைக்காதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இதில் பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு தினமும் சாயங்காலம் நரிக்கென்றே கோழித்துண்டு போடுகிறார்.

ஈஸ்ட்ஹாம் தோட்டக்காரன்:

மாமியை நிற்பாட்டச் சொல்லவில்லை. விடியவே வைக்கச் சொல்லுங்கள், காகம் வராவிட்டாலும் புறாவும் மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவையும் மத்தியானத்துக்குள் தின்று முடித்துவிடும். மிஞ்சினால் இருட்ட முன்பு எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடியை இறுக்கிவிடுங்கள். வடைக்கு வராத நரி கிடையாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கஷ்டம். நரிக்குச் சாப்பாடு போடுவதைத் தடுக்கிற சட்டம் ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போகாமல், தூக்கிக்கொண்டு ஓடமுடியாத அளவுக்குச் சின்னத் துண்டாக, அங்கேயே தின்று முடிகிற அளவு மட்டும் போடச் சொல்லிப் பாருங்கள். முழுத் துண்டு கிடைத்தால் அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து உங்கள் பாத்தியில்தான் புதைக்கும். ஓட்டையில் வைத்த கடதாசி என்ன ஆனது என்று இங்கே வந்து எழுதுங்கள்.