விமான வரலாற்றுக் கண்காட்சிக்குப் பழைய வான் அஞ்சல் உறைகளும் படங்களும் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் 1927 மே 20 அன்று நியூயார்க்கிலிருந்து தனியாகப் புறப்பட்டு, ஏறத்தாழ 33½ மணி நேரம் இடைநில்லாமல் பறந்து பாரிசில் இறங்கிய நிகழ்வின் நூற்றாண்டு 2027இல் வருவதையொட்டி, திருப்பரங்குன்றம் பக்கமுள்ள எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்களுக்காக ஒரு சிறு கண்காட்சி அமைக்க எண்ணியுள்ளோம்.

லிண்ட்பெர்க்கைப் பற்றிய படங்கள் எளிதில் கிடைத்துவிடுகின்றன. நமக்கு நெருக்கமானது 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பைகளுடன் ஓட்டிவந்த ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' (Puss Moth) விமானம்தான் என்பது என் கருத்து; ஏனெனில் அந்தத் தபால் அங்கேயே நின்றுவிடாமல் பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் வந்தது. (அந்தப் பிற்பகுதியை ஓட்டிய நெவில் வின்சென்ட்டை ஏனோ பலரும் குறிப்பிடுவதே இல்லை.) 2032இல் அதற்கும் நூறாண்டு நிறைகிறது.

ஆகவே, அஞ்சல்தலை சேகரிப்போர் எவரிடமேனும் 1930களின் வான் அஞ்சல் உறைகள் இருந்தாலோ, மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் முற்காலத்தில் பணியாற்றிய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்து அவர்களிடம் பழைய ஒளிப்படங்களோ பயணச்சீட்டுகளோ இருந்தாலோ, அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். மூலத்தைத் தர வேண்டியதில்லை. இருபுறமும் தெளிவாகப் படமெடுத்து, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற குறிப்புடன் அனுப்பினால் போதும். புஸ் மாத் விமானத்தின் மாதிரியை அட்டையிலோ மரத்திலோ செய்து தரக்கூடியவர்கள் இருந்தால், செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.