ஊர்வலம் போக அனுமதியா, அறிவித்தலா? திருகோணமலைக்காரர் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடத்தடி:

வணக்கம் உறவுகளே. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே அலைச்சலைப் பட்டவர்கள் தங்களுடையதையும் எழுதுங்கள், இனி வருகிறவர்களுக்காவது உதவட்டும்.

எங்கள் பகுதியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒன்றை டிப்பர் தட்டிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கால் முறிவு. அந்த இடத்தில் மஞ்சள் கடவை அழிந்து இரண்டு வருடம் இருக்கும், எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோர் கூடிப் பேசினோம். மடத்தடிச் சந்தியில் தொடங்கி மாவட்டச் செயலகம் வரை பிள்ளைகளோடு நடந்து போய் மகஜர் கொடுப்பது என்று முடிவு. மிஞ்சினால் நூற்றைம்பது பேர்.

"ஊர்வலம் செல்ல அனுமதி கோரல்" என்று தலைப்புப் போட்டுக் கடிதம் எழுதி பொலிசுக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டு, நகரசபையில் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம், வீதி அபிவிருத்தியில் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு அனுமதி தருவதா இல்லையா என்று பார்க்கலாம் என்றார். மூன்று நாள் அலைந்தேன். ஒரு கந்தோரில் சப்ஜெக்ட் கிளார்க் லீவு. இன்னொன்றில், "இது எங்கள் விடயமே இல்லையே தம்பி, யார் உங்களை இங்கே அனுப்பியது" என்று அவரே பரிதாபப்பட்டார். சம்பளம் வெட்டுப்பட்டதுதான் மிச்சம்.

எங்கள் ஒழுங்கையில் கோட்டில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். பழைய சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், 77ஆம் பிரிவு. "இதில் அனுமதி என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்" என்றார். நானும் விரலை வைத்துத் தேடினேன். அங்கே இருந்தது அறிவித்தல். ஊர்வலம் தொடங்குவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர், அது தொடங்கும் இடத்துக்கு மிகக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக பொலிசுக்கு அதிகாரமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி, பொது ஒழுங்குக்குத் தேவை என்று கருதினால், ஊர்வலத்தைத் தடுக்கவும் முடியும், நிபந்தனை போடவும் முடியும், அதுவும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் தடுக்கிறோம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று கந்தோர்க் கடிதத்தோடு வந்து நாங்கள் கெஞ்ச வேண்டும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

அன்று இரவே கடிதத்தைத் திருப்பி எழுதினேன். "அனுமதி கோரல்" போய் "அறிவித்தல்" வந்தது. தொடங்கும் இடம், நேரம், போகும் வீதிகள், முடியும் இடம், எத்தனை பேர், பொறுப்பானவர்கள் மூவரின் பெயரும் ஃபோன் நம்பரும். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்தேன், மற்றதில் திகதியும் நேரமும் எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். அதே மேசை, அதே ஆள். இந்த முறை எழும்பி உள்ளே போய் பொறுப்பதிகாரியிடம் காட்டினார். பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இரண்டே கேள்விதான்: அம்புலன்ஸ் வந்தால் வழி விடுவீர்களா, பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் பெரியவர்கள் நிற்பார்களா. போக்குவரத்துப் பொலிஸ் இரண்டு பேரையும் அனுப்பி வைத்தார். நல்லபடியாக நடந்து முடிந்தது.

உங்களுக்கு எப்படி?


கும்பத்துமால்:

அண்ணை, எங்களுக்குப் பிரச்சினை ஊர்வலத்தில் இல்லை, ஸ்பீக்கரில்.

ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். நவராத்திரி முடிகிற இரவுகளில் இங்கே ஒவ்வொரு பகுதியிலிருந்தும் கும்பம் வெளிக்கிடும். வேப்பிலையும் பூவும் வைத்துக் கட்டிய கும்பத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, உடுக்கும் பறையும் அடிக்க, பொடியன்கள் வீதி வீதியாக ஆடிப் போவார்கள். சனம் வாசலில் நிறைகுடம் வைத்துக்கொண்டு விடிய விடிய முழித்திருக்கும். இது எங்கள் ஊருக்கே உரியது.

ஊர்வலத்துக்கு அறிவித்தல் போதும், நீங்கள் சொன்னது சரி. ஒலிபெருக்கி அப்படியில்லை. அதே சட்டத்தில் 80ஆம் பிரிவு, அதற்கு உண்மையாகவே அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் இரண்டும் இழுபடும், முதல் வருடம் நாங்கள் பட்டது அதுதான். இப்போது தனித்தனியாக எழுதுகிறோம். ஸ்பீக்கர் பத்திரத்துக்கு கிராம சேவகரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள், அதை முதல் வாரமே எடுத்து வைத்துவிடுங்கள், கடைசி நாளில் அவரைப் பிடிக்க முடியாது.

அடுத்தது இரவு 10 மணி. 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டளைக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. எங்கள் கும்பம் சூடுபிடிப்பதே பத்துக்குப் பிறகுதான்! ஒரு வருடம் லொறியில் பெட்டி கட்டிக்கொண்டு போனோம். பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சிங்களவர், உடைந்த தமிழில்தான் பேசினார். "தம்பி, மெஷின் நிப்பாட்டுங்க. மேளம் அடிங்க, மேளத்துக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்." வயரைக் கழற்றினோம். ஒரு நிமிடம் வீதி அப்படியே அமைதி. பிறகு உடுக்குச் சத்தம் மட்டும் எழும்பியது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் லொறியில் பெட்டி கட்டுவதில்லை. அந்தச் சார்ஜன்ட் சந்தி வரைக்கும் முன்னால் போய் வாகனங்களை மறித்து விட்டார், அந்த மனுசனை மறக்க மாட்டேன்.


கிண்ணியாக் கரை:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் கதை பாலத்தோடு சம்பந்தப்பட்டது.

மீலாத் ஊர்வலம். மத்ரஸாப் பிள்ளைகள், கொடிகள், பைத் பாடிக்கொண்டு போவோம். வாப்பா காலத்தில் பாதைப் படகில் கடந்துதான் மறுகரைக்குப் போக வேண்டும் என்பதால் ஊர்வலம் ஊருக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். 2009இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். ஒரு வருடம் பெரியவர்களுக்கு ஓர் ஆசை, பிள்ளைகளைப் பாலத்துக்கு மேலால் நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று. முறையாக எங்கள் பக்கத்துப் பொலிசுக்கு எழுதிக் கொடுத்தோம், முத்திரையும் வாங்கினோம்.

பாலத்தின் மறுமுனையில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் வேறு பொலிஸ் பிரிவு, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காலை பதினொரு மணி வெயில், பின்னால் பஸ் வரிசை, பாலத்து இரும்பில் கை வைக்க முடியாத சூடு, சின்னப் பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கிவிட்டார்கள். முக்கால் மணித்தியாலம் நின்றோம். நல்ல வேளையாக முத்திரை குத்திய பிரதி ஹாஜியார் ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. அதைக் காட்டி, அவர்கள் ஃபோனில் இந்தப் பக்கத்தோடு பேசி, பிறகுதான் விட்டார்கள்.

தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய நிலையத்துக்கு அறிவித்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது, நாங்கள் செய்தது பிழையில்லை. ஆனாலும் இப்போது போகிற வழியில் எத்தனை பொலிஸ் பிரிவு வருகிறதோ அத்தனைக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் நிற்கும் ஊர்வலத்தில் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.


உவர்மலை அக்கா:

எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது.

2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலையடியில், எங்கள் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வருடா வருடம் அந்த நாளில் விளக்கேற்றுகிறோம். ஒரு வருடம் நாங்கள் பெண்கள் கொஞ்சப் பேர்தான், இருபது பேர் வரும். கடற்காற்றில் மெழுகுதிரி நிற்காது என்று ஜாம் போத்தல்களைக் கழுவி எடுத்து வந்திருந்தோம். சிவிலில் இருவர் வந்து, "ஊர்வலத்துக்கு அனுமதி எடுத்தீர்களா" என்று கேட்டார்கள். நாங்கள் எங்கேயும் நடக்கவில்லையே, ஓரிடத்தில் நிற்கிறோமே என்றேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். திரி கொளுத்தும்போது பக்கத்தில் நின்ற தாயின் கை நடுங்கியது, காற்றினால் இல்லை.

ஓரிடத்தில் நிற்பதற்கும் 77ஆம் பிரிவு பொருந்துமா?


மடத்தடி:

அக்கா, ஐயாவிடம் கேட்டேன். 77 சொல்வது ஊர்வலத்தைப் பற்றித்தான். வீதியில் கூடி நிற்பவர்கள் விடயத்தில் போக்குவரத்தையும் ஒழுங்கையும் பார்த்து பொலிஸ் பணிப்புரை கொடுக்கலாம், அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. ஆனால் நடக்காத ஊர்வலத்துக்கு அறிவித்தல் கேட்க முடியாது. அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14(1)(ஆ)வில் இருக்கிறது. அதை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது 15இல் இருக்கிறது, அதுவும் சட்டத்தின் மூலம்தான்.


திருக்கடலூர்:

நான் நீதிமன்றத் தடையுத்தரவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதுதான் எங்கள் பக்கத்தில் இப்போது அடிக்கடி வருவது.

2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணி திருகோணமலையால் போனபோது பல இடங்களில் பொலிஸ் முன்கூட்டியே தடையுத்தரவு எடுத்திருந்தது. எங்கள் வீட்டுக்கும் இரவு எட்டரைக்கு ஜீப் வந்தது. அம்மா கதவைத் திறந்தவர், பேப்பரைக் கண்டதும் யாரையோ பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதில் என்ன இருக்கிறது என்று அன்று விளங்கவில்லை. கோட்டுக் கட்டளை என்றால் முடிந்தது என்று நினைத்தேன். போகவில்லை. அதை இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறேன்.

அடுத்த தடவை அப்படி விடவில்லை. தடை செய்யப்பட்ட வலையால் கரையோரச் சிறு தொழிலாளிக்கு மீனே இல்லை என்று சங்கத்தால் கவனயீர்ப்பு ஒன்று ஒழுங்கு செய்தோம். முதல் நாள் பின்னேரம் மறுபடியும் பேப்பர். இந்த முறை அதைத் தூக்கிக்கொண்டு நேரே சட்டத்தரணி வீட்டுக்குப் போனோம். அவர் சொல்லித்தான் விளங்கியது: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 106ஆம் பிரிவு. அவசரம் என்று பொலிஸ் சொன்னால் எங்களைக் கேட்காமலே நீதவான் கட்டளை போடலாம். ஆனால் அது 14 நாளுக்கு மேல் நிற்காது. முக்கியமாக, போட்ட கட்டளையை நீதவானே மாற்றவும் நீக்கவும் முடியும்.

காலை எட்டரைக்கு, கட்டளையை மாற்றக் கேட்டு நகர்த்தல் பத்திரம் போட்டார் சட்டத்தரணி. நாங்கள் பதினைந்து பேர் கோட்டு வாசலில், வெள்ளைச் சாரமும் தோய்த்த சட்டையுமாக. பொலிஸ், வீதியை மறிப்பார்கள், கலவரம் வரும் என்றது. எங்கள் சங்கத் தலைவரை நீதவான் நேரே கேட்டார், வீதியை மறிக்கப் போகிறீர்களா என்று. "இல்லை ஐயா, ஓரமாக நின்று கத்திவிட்டுப் போவோம்" என்றார் அவர், மனதில் உள்ளதை அப்படியே. பத்தரைக்குக் கட்டளை மாறியது: கூடலாம், பதாகை பிடிக்கலாம், வீதியை மறிக்கக் கூடாது, கந்தோர் வாசலுக்குள் போகக் கூடாது. பதினொன்றரைக்கு நாங்கள் அங்கே நின்றோம். பறையும் அடித்தோம். அதற்கும் ஆதாரம் இருக்கிறது என்று சட்டத்தரணி சொன்னார். 1992இல் தெற்கில் "ஜன கோஷ" என்று மேளமடித்து எதிர்ப்புக் காட்டியதை பொலிஸ் குழப்பியபோது, சத்தம் எழுப்பி எதிர்ப்பதும் பேச்சுச் சுதந்திரத்துக்குள் வரும் என்று 1993இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பேப்பர் வந்தால் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், அதற்காகக் கட்டளையை மீறவும் வேண்டாம். மீறினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். கையில் எடுத்துக்கொண்டு அதே கோட்டுக்குப் போங்கள்.


சாம்பல்தீவு:

திருக்கடலூர் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்களை ஊர்வலம் முடிந்த பிறகு கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார்கள். நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்து, இரண்டு பக்கம், பேனையை நீட்டி ஒப்பம் வைக்கச் சொன்னார். எனக்கு அதில் என் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாது. தமிழில் எழுதித் தந்தால் வைக்கிறேன் என்றேன். தமிழ் தெரிந்தவர் இன்று இல்லை என்றார். அப்படியென்றால் நாளைக்கு வருகிறேன் என்று எழும்பினேன். கால் நடுங்கியது உண்மை. மறுநாள் தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார், முதலிலிருந்து சொல்ல, தமிழில் எழுதினார். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை.

அத்துடன், அநியாயமாகத் தடுத்துவிட்டார்கள் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடலாம். கொழும்பு போகக் காசில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள், திருகோணமலையிலேயே அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவர்கள் விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.


மடத்தடி:

எல்லோருக்கும் நன்றி. கிண்ணியா நானா, நீங்கள் சொன்ன பிறகு எங்கள் கடிதத்தையும் மாற்றிவிட்டேன், போகும் வழியில் உள்ள எல்லாப் பிரிவுக்கும் பிரதி. உவர்மலை அக்கா, அடுத்த ஜனவரி 2க்கு நானும் வருகிறேன், போத்தல் கொண்டுவருகிறேன்.

மகஜர் கொடுத்து ஐந்து வாரமாகிறது, கடவை இன்னும் கீறவில்லை. அதனால் வருகிற வெள்ளி மறுபடியும் நடக்கிறோம். புதன்கிழமையே அறிவித்தல் கொடுத்தாயிற்று, முத்திரை குத்திய பிரதி என்னிடம் இருக்கிறது. கால் முறிந்த பிள்ளை ஊன்றுகோலோடு முதல் வரிசையில் வரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பின்னேரம் மூன்று மணி, மடத்தடிச் சந்தி. கிட்ட இருப்பவர்கள் வாருங்கள்.