பழைய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் போட்டால் திரையே வரவில்லை, எஸ்எஸ்டியும் வாங்குவதா வேண்டாமா?

வடவள்ளிவாசி:
வணக்கம். 2014இல் வாங்கிய லேப்டாப். ஐ5-4210யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்போது தங்கை கல்லூரி வேலைக்கு வைத்திருக்கிறாள். பவர் பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவாள், வந்து தலை துவட்டும்போதுதான் டெஸ்க்டாப் வரும், அப்புறமும் குரோமைத் திறந்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும்.

ரேம்தான் பத்தவில்லை என்று நினைத்து, கடையில் "லேப்டாப்புக்கு டிடிஆர்3, 8 ஜிபி" என்று கேட்டு வாங்கி வந்து காலி ஸ்லாட்டில் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மினுக்குகிறது, திரை கறுப்பு. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் போட்டாலும் அதே கதை. பழையதை மட்டும் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. கடைக்காரரோ "ரேம் நல்லாத்தான் இருக்கு, உங்க மதர்போர்டுதான் போச்சு" என்கிறார். இதற்கு மேலும் காசு போட்டு எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கலாமா, இல்லை எடைக்குப் போட்டுவிடவா?

திருப்புளி:
எடைக்கெல்லாம் போடாதீர்கள். புதிய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3-12800 என்றிருக்கிறதா, பிசி3எல்-12800 என்றிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். உங்களுடையது நான்காம் தலைமுறை பிராசஸர், 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம்தான் அதற்கு வேண்டும். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட் கேட்கும். இரண்டுக்கும் 204 பின்தான், நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடம்தான், அதனால் டக்கென்று உட்கார்ந்துவிடும், தப்பானதைப் போட்டோம் என்றே தெரியாது. எல் உள்ளதை 1.5 வோல்ட் போர்டில் போட்டால் ஓடும். எல் இல்லாததை உங்கள் போர்டில் போட்டால் இப்படித்தான்.

வடவள்ளிவாசி:
பார்த்தேன் அண்ணா. பழையதில் பிசி3எல்-12800எஸ், புதியதில் பிசி3-12800எஸ். கடைசியில் எஸ் இருக்கிறது, நடுவில் எல் இல்லை!

திருப்புளி:
அந்த எஸ், லேப்டாப் அளவு ரேம் என்பதற்கான குறி, அவ்வளவுதான். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள், பழைய ரேமையும் கையில் எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு குறையும். மாட்டுவதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

கொடிவேரி:
ரேம் சரி, ஆனால் நீங்கள் சொன்ன அந்த 100 சதவீதம் டிஸ்கின் அழுகைதான். என்னைக் கேட்டால் எஸ்எஸ்டியைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லி விநாடி ஆகும், விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களுக்காக, தட்டைப் படிக்கும் ஹெட் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே கிடையாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள், கடையில் என்விஎம்இ (குச்சி போன்ற வேறு வகை எஸ்எஸ்டி) எடுத்துக் கொடுத்தால் உங்கள் டிஸ்க் இருக்கும் இடத்தில் அதை மாட்ட வழியில்லை. முக்கியமாக, பழைய டிஸ்கைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற, டிஸ்கின் நலம் காட்டும் மென்பொருளில் ஒருமுறை பாருங்கள், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வடவள்ளிவாசி:
நீலம்தான் காட்டுகிறது. பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு க்ளோன் (முழு நகல்) செய்துவிடலாமா?

பழையபாஸ்வேர்டு:
வேண்டாம். 1 டிபியிலிருந்து 480 ஜிபிக்கு க்ளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் செய்யப் போய் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. சேரும் டிஸ்க் சின்னதாக இருந்தால் முதலில் பழைய டிஸ்கின் பார்ட்டிஷனை (பிரித்து வைத்த பகுதியை) சுருக்க வேண்டும், அதைப் படிக்காமலே உட்கார்ந்தேன். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போவானேன்? புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். ஆனால் விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்காது. தங்கைக்கு பிரவுசரும் டைப்பிங்கும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது கேட்கிறார்களா என்று மட்டும் முதலில் அவளிடம் கேட்டுவிடுங்கள்.

வடவள்ளிவாசி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். கடைக்காரர் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார், இப்போது 12 ஜிபி காட்டுகிறது. எஸ்எஸ்டியும் போட்டு மின்ட் ஏற்றியாகிவிட்டது, தங்கை இன்னும் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே சந்தேகம்: பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன், இது 7 மிமீ, லேப்டாப்பைச் சாய்த்தால் உள்ளே லேசாக லொடலொட என்கிறது. அட்டை மடித்து வைக்கலாமா?

திருப்புளி:
கேடியில் (டிஸ்கைப் பிடித்து வைக்கும் சட்டத்தில்) நான்கு ஸ்க்ரூவும் போட்டிருந்தால் ஆடாதே?

வடவள்ளிவாசி:
இரண்டுதான் போட்டேன் அண்ணா. மீதி இரண்டும் பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டன.