8 டிராக் ரெக்கார்டரில் வீட்டிலேயே கானா பதிவு: ஹம், டோலக் கும்முதல், டிராக் பத்தாமை

தண்டையார்பேட்டை கீபோர்டு

எல்லாருக்கும் வணக்கம். ஜூம் ஆர்8 ரெக்கார்டர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கோம். மாடி ரூம்ல கானா பாட்டு பதிவு பண்ணணும். ரூம் 10க்கு 12 அடி, உயரம் 10 அடி, டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை. பாட ஒருத்தர், டோலக் ஒருத்தர், சட்டி (குச்சியால அடிக்கிற மேளம்) ஒருத்தர், கீபோர்டு நான். பின்பாட்டுக்கு எல்லாரும். எஸ்எம்58 மைக் ரெண்டு, ஸ்டாண்டு ரெண்டு, காதை மூடுற ஹெட்போன் ஒண்ணு இருக்கு.

கீபோர்டை சொருகினா "ம்ம்ம்"னு ஒரு ஹம் வருது. அதோட கீபோர்டு சத்தம் ரொம்ப ஒல்லியா விழுது, பேஸ் நோட்டு பாதி காணோம். டோலக் இடது பக்கம் கும்முது, அடி தெளிவா இல்லை. எல்லாத்துக்கும் மேல, ஒரு தடவைக்கு 2 இன்புட்தான், மொத்தம் 8 டிராக். டோலக், சட்டி, கீபோர்டு, கைத்தட்டு, பின்பாட்டுன்னு வச்சா பாடுறவருக்கே இடம் மிஞ்சலை. பவுன்ஸ் பண்ணிப் பார்த்தா, அதாவது பல டிராக்கை ஒண்ணாக் கலந்து வேற டிராக்ல எழுதிப் பார்த்தா, குரல் தாளத்துக்குள்ள மூழ்கிடுது. எதை முதல்ல சரி பண்றது?

ராயபுரம் சவுண்டு

முதல்ல ஹம். ரெக்கார்டரோட அடாப்டரைக் கழட்டிட்டு 4 ஏஏ பேட்டரில ஓட்டிப் பாருங்க. ஹம் நின்னுட்டா அது கிரவுண்ட் லூப். கீபோர்டு அடாப்டர் ஒரு வழியா, ரெக்கார்டர் அடாப்டர் இன்னொரு வழியா கரண்டுல உக்காந்திருக்கு. நடுவுல ஆடியோ கேபிளோட ஷீல்டு ரெண்டையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கிடுது. அதுல ஓடுற 50 ஹெர்ட்ஸ்தான் உங்க "ம்ம்ம்". லேப்டாப்பை யூ.எஸ்.பில மாட்டியிருந்தா அதோட சார்ஜரும் இந்த வளையத்துல சேரும், அதையும் கழட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க.

பேட்டரிலேயும் ஹம் இருந்தா சத்தத்தோட குணத்தைக் கேளுங்க. வழவழன்னு "ம்ம்ம்"னா கேபிள் ஷீல்டு விட்டிருக்கலாம், ஜாக்கோட சால்டரைப் பாருங்க. "ஜ்ஜ்ஜ்"னு கரகரப்பா இருந்தா ஃபேன் ரெகுலேட்டர்மேலதான் எனக்கு முதல் சந்தேகம். பல எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்குது, அந்த வெட்டு கேபிளுக்குள்ள ஏறும். ஃபேனை நிறுத்தினதும் கரகரப்பு போனா விஷயம் தெரிஞ்சது. டேக் போகும்போது எப்படியும் ஃபேன் ஆஃப்தான், காத்து மைக்ல விழக்கூடாது.

லூப்னு உறுதியானா எல்லா அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடுங்க. பாதி ஹம் அதுலயே அடங்கும். மிச்சத்துக்கு கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் வச்ச பாசிவ் டி.ஐ. பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) ஒண்ணு வாங்கி, கீபோர்டு அதுக்குள்ள, அதுலேருந்து எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள் ரெக்கார்டருக்கு. உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பக்கத்தையும் மின்சாரமா பிரிச்சிடும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன்: மூணு பின் பிளக்ல எர்த் பின்னை வெட்டி ஹம்மை நிறுத்துற பழக்கம் வேண்டவே வேண்டாம். மைக்கைப் பிடிச்சு உதட்டுக்கிட்ட வச்சுப் பாடப்போறவர் ஒரு மனுஷன். நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல சாக்கெட்ல எர்த் ஓட்டை இருக்கும், பின்னாடி ஒயரே இருக்காது. கீபோர்டு ஜாக்கைத் தொட்டா லேசா சுருக்குன்னு இருந்துச்சுன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லிட்டு அப்புறம் மைக்கைத் தொடுங்க.

கீபோர்டு ஒல்லியா கேக்குறது தனிக்கதை. ஹெட்போன் அவுட்லேருந்து ஸ்டீரியோ ஜாக் கேபிளை நேரா இன்புட்ல சொருகியிருக்கீங்கன்னு நினைக்கிறேன். அந்த இன்புட் பேலன்ஸ்டு. ஜாக்கோட முனைக்கும் நடு ரிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுக்கும். இடது, வலது ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற பேஸ், கிக் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும், ஓரத்துல இருக்கிற ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் மிஞ்சும். ஒரு ஸ்டீரியோ ஜாக் ரெண்டு மோனோ ஜாக்கா பிரியுற ஒய் கேபிள் போட்டு இன்புட் 1, 2 ரெண்டுலயும் சொருகுங்க. ஹை-இசட் ஸ்விட்ச் கிட்டாருக்கு, அது ஆஃப்ல இருக்கணும். ஃபான்டம் பவரும் (கேபிள் வழியா மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது) ஆஃப், உங்க மைக்குக்கு அது தேவையே இல்லை. கீபோர்டு வால்யூம் முக்கால்வாசி, ரெக்கார்டர் கெயின் (இன்புட் சத்தத்தைக் கூட்டுற குமிழ்) குறைச்சல். இதையே தலைகீழா வச்சா இரைச்சல்தான் பெருசாகும்.

புளியந்தோப்பு டோலக்

கும்மலுக்கு ரெண்டு காரணம், ரெண்டும் சேர்ந்துதான் வருது.

ஒண்ணு, எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக்கை, அதாவது முன்பக்கச் சத்தத்தை மட்டும் நல்லா எடுக்கிற மைக்கை, தோலுக்கு தோலுக்கு 4 விரக்கடை தூரத்துல வச்சா பேஸை அதுவே தூக்கிக் காட்டும். இடது பக்கத்துக்கு ஒரு சாண், அதாவது 20லேருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி வைங்க. தோலோட நடுவைப் பார்க்காம, கை விழுற இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல கொஞ்சம் சாய்ச்சு. வலது பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் போதும். விரல் மைக்ல இடிக்காத அளவுக்கு மேலேருந்து கீழ பார்க்கட்டும்.

ரெண்டாவது, ரூம். அகலமும் உயரமும் ஒரே 10 அடி. அந்த அளவுக்கு சுமார் 56 ஹெர்ட்ஸ்லயும் அதோட இரட்டிப்பு 112லயும் சத்தம் வீங்கும். ரெண்டு திசையும் ஒரே இடத்துல வீங்குறதால கும்மல் கூட. மூலையில உக்காந்தா இன்னும் மோசம். 12 அடி நீளத்துல ஒரு சுவத்துலேருந்து 4, 4½ அடி தள்ளி, சரியா நடுவும் இல்லாம உக்காரச் சொல்லுங்க. டைல்ஸ்மேல கோரைப்பாயைப் போட்டு அதுக்கு மேல ஜமக்காளம். மைக் ஸ்டாண்டு காலுக்கு அடியில மிதியடி ஒண்ணை மடிச்சு வைங்க. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரி போற அதிர்வு தரை வழியாத்தான் ஸ்டாண்டுல ஏறுது.

முட்டை அட்டையைச் சுவத்துல ஒட்டுறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு இருந்தா அதுதான் பொக்கிஷம். பாடும்போது மெத்தையை மைக்குக்குப் பின்னாடி கட்டுறாங்க பாருங்க, அது தப்பு. கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது கேக்காது. அது பார்க்கிறது பாடுறவரையும் அவருக்குப் பின்னால இருக்கிற சுவரையும். அதனால மெத்தை பாடுறவர் முதுகுக்குப் பின்னாடி தொங்கணும். மைக்கோட முதுகு ரோட்டு ஜன்னலைப் பார்க்கட்டும், ஹாரன் பாதியாக் குறையும். கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி போனா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, டேக்கை நிறுத்திட்டுக் காத்திருக்கணும்.

சுருதியை மறக்காதீங்க. டோலக் வலது தோலைக் கீபோர்டு சட்ஜமத்துக்குச் சேர்த்துட்டுத்தான் ரெக்கார்ட் பட்டனைத் தொடணும். ஃபேனை நிறுத்திக் கதவை மூடினதும் ரூம் புழுங்கும், கடல் காத்து ஈரமும் சேர்ந்து தோல் இளகிடும். ரெண்டு மூணு டேக்குக்கு ஒருக்கா நட்டைத் திருகிச் சேருங்க. இல்லேன்னா பல்லவி ஒரு சுருதி, கடைசி சரணம் ஒரு சுருதின்னு நிக்கும், அதை எந்த ஈக்யூவும் (பேஸ், டிரெபிள் கூட்டிக் குறைக்கிறது) சரி பண்ணாது.

சட்டியை டோலக்கோட சேர்த்து எடுக்காதீங்க. குச்சி அடி டோலக் மைக் ரெண்டையும் நிரப்பிடும். தனியா, ஒரே மைக், 2லேருந்து 3 அடி தள்ளி.

பெரம்பூர் மிக்ஸிங்

டிராக் பத்தாததுக்கு மருந்து வரிசைதான். ரெக்கார்ட் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல டிராக் எண் போட்டு எழுதிடுங்க.

மெட்ரோனோமை ஓட விட்டு, கீபோர்டு ஒரு கையில கார்டு பிடிக்க, பாட்டுக்காரர் முழுப் பாட்டையும் சும்மா பாடிடட்டும். இது கைடு, டிராக் 8. கடைசில அழியப்போறதுதான், ஆனா டோலக்காரருக்கு வரி எங்க முடியுது, தாளக்கட்டு எங்க மாறுதுன்னு சொல்றது இதுதான். அப்புறம் டோலக் 1, 2ல. சட்டி 3. கைத்தட்டு 4, நாலு பேர் மைக்கைச் சுத்தி 3 அடி தள்ளி நின்னு ஒரே தடவையில தட்டிடுங்க. இந்த நாலையும் 5, 6க்கு ஸ்டீரியோவா பவுன்ஸ் பண்ணினா 1லேருந்து 4 வரை மறுபடி காலி. அங்க கீபோர்டு ஸ்டீரியோ, பேஸ் லைன், பின்பாட்டு. 7 பாடுறவருக்கு. அவர் பாடி முடிச்சதும் கைடுக்கு வேலை இல்லை, 8ல அவரையே இன்னொரு தடவை பாட வச்சு பல்லவில மட்டும் அடியில சேர்க்கலாம்.

குரல் மூழ்குறது ஏன்னு இப்போ புரியும். குரலே ஓடாதப்போ தாளத்தை மட்டும் கேட்டு பவுன்ஸ் பண்ணியிருப்பீங்க. தனியாக் கேட்டா டோலக் எவ்வளவு தூக்கினாலும் நல்லாத்தான் இருக்கும். கைடு குரலை ஓட விட்டு, அதுக்குக் கீழ தாளம் எங்க உக்காரணுமோ அங்க ஃபேடரை (டிராக் சத்தத்தை ஏத்தி இறக்குற நெம்பை) வைங்க. டோலக் அடிக்கு நடுவுல ஒவ்வொரு சொல்லும் கேக்கணும், கானாவுக்கு சொல்தான் உயிர். ஃபேடர் பிடிபட்டதும் கைடை மியூட் பண்ணிட்டு பவுன்ஸ். மியூட் பண்ண மறந்தா அது தாளத்தோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. பவுன்ஸ்ல ரிவெர்ப் போடாதீங்க, மாஸ்டர்ல மறுபடி ரிவெர்ப் சேரும்போது எல்லாம் கிணத்துக்குள்ள போயிடும். அதுக்கு முன்னாடி புராஜெக்டை காப்பி எடுத்து வச்சுக்கணும். திருப்தி இல்லேன்னா காப்பிலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

லெவல் விஷயம்: 24 பிட்ல எடுங்க, உச்சம் -12 டெசிபல் பக்கம் நின்னா போதும். சிவப்பு லைட்டைத் தொட வைக்கணும்கிறது டேப் காலத்துப் பழக்கம். ஒத்திகையில பாடுற சத்தத்துக்குக் கெயின் வச்சா நிஜ டேக்ல மனுஷன் ஏத்திப் பாடி உடைச்சிடுவார், இன்னும் கொஞ்சம் இறக்கியே வைங்க.

எஸ்டி கார்டு 32 ஜிபிக்கு மேல இந்த மெஷின் எடுக்காது. 64 போட்டு அல்லாட வேண்டாம். ரெக்கார்டர்லயே ஃபார்மட் பண்ணுங்க. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு சுமார் 8 எம்பி. 4 நிமிஷப் பாட்டு 8 டிராக்கும் சேர்த்து 250 எம்பி சுமார். இடத்துக்குப் பஞ்சமே இல்லை, எந்த டேக்கையும் அவசரப்பட்டு அழிக்காதீங்க.

தண்டையார்பேட்டை கீபோர்டு

ராயபுரம் அண்ணே, நீங்க சொன்னதுதான். ஸ்டீரியோ ஜாக்கை நேரா சொருகியிருந்தேன். ஒய் கேபிள் மாத்தினதும் பேஸ் முழுசா வந்துடுச்சு. பேட்டரில ஓட்டினா ஹம் சுத்தமா இல்லை. அப்போ பேட்டரிலேயே ஓட்டிக்கலாமா, இல்ல டி.ஐ. பாக்ஸ் வாங்கித்தான் ஆகணுமா? இன்னொண்ணு, பாடுற டிராக்ல மெட்ரோனோம் "டிக் டிக்" லேசா விழுது.

ராயபுரம் சவுண்டு

தாராளமா பேட்டரில ஓட்டலாம் தம்பி. 4 ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ரெண்டு செட் வச்சுக்குங்க. மெனுல பேட்டரி வகையை அதுக்கு மாத்திடுங்க, இல்லேன்னா மிச்சம் எவ்வளவுன்னு தப்பாக் காட்டி டேக் நடுவுல அணைஞ்சிடும். இந்த மெஷின் யூ.எஸ்.பி 5 வோல்ட்லயும் ஓடும்கிறதால பவர் பேங்கும் சரி, அதுவும் வீட்டுக் கரண்ட்டோட ஒட்டாது. டி.ஐ. பாக்ஸை அப்புறம் மேடைக்குன்னு வாங்கிக்கலாம். வேலை முடிஞ்சதும் செல்லைக் கழட்டி வைங்க. கடலோரத்துல இருக்கீங்க, செல் கசிஞ்சா ஸ்பிரிங் பச்சை பூத்துடும்.

டிக் டிக் ஹெட்போன்லேருந்து கசியுது. தாளம் பதிவானதுக்கு அப்புறம் மெட்ரோனோம் எதுக்கு? அணைச்சிடுங்க, டோலக்கைக் கேட்டே பாடட்டும். ஒரு காதை வெளிய விட்டுப் பாடுற பழக்கம் இருந்தா அந்தப் பக்க ஹெட்போனைக் கன்னத்தோட அழுத்தி வைக்கச் சொல்லுங்க.

காசிமேடு லேப்டாப்

பெரம்பூர் அண்ணன் சொன்ன பவுன்ஸ் சரிதான், ஆனா லேப்டாப் ஒண்ணு இருந்தா அந்த பவுன்ஸை ஹெட்போன்ல கேக்க மட்டும் வச்சுக்குங்க. கடைசி மிக்ஸுக்கு அது தேவையில்லை. ஆர்8ல ஒவ்வொரு டிராக்கும் தனி வேவ் ஃபைல். கார்டைக் கழட்டி ரீடர்ல போட்டா புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள ஆடியோ ஃபோல்டர்ல எல்லாம் இருக்கும். பவுன்ஸுக்கு முந்தின டோலக், சட்டி, கைத்தட்டு ஃபைலையும் காப்பி புராஜெக்ட்லேருந்து எடுத்து ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட் சாஃப்ட்வேர்ல அடுக்குங்க. அங்க 8ங்கிற எல்லை கிடையாது, டோலக் இடது பக்கத்தை மட்டும் 112 ஹெர்ட்ஸ்ல 3, 4 டெசிபல் குறைக்கலாம். குரல் டிராக்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, லாரி உறுமல் போயிடும்.

அடுக்கும்போது முன்ன பின்ன நகராம இருக்க, எந்த டிராக்கை எடுத்தாலும் பாட்டோட பூஜ்யத்துலேருந்தே ரெக்கார்ட் பண்ணுங்க. சரணம் மட்டும் திருத்தணும்னாலும் முதல்லேருந்து ஓட விட்டு, அந்த இடம் வந்ததும் பாடுங்க. போன்ல வீடியோவும் எடுக்கிறீங்கன்னா எடிட்டர்ல சாம்பிள் ரேட்டைப் பாருங்க. வீடியோ பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், உங்க ஆடியோ 44.1. மாத்திக் கொடுக்காம 44.1ஐ 48ஆ ஓட விட்டா பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாகி, சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிடும்.

பெரம்பூர் மிக்ஸிங்

லேப்டாப் இருந்தா காசிமேடு தம்பி சொல்றதுதான் மேல், ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். டோலக் ரெண்டு மைக்கையும் மோனோல ஒருக்கா கேளுங்க. மோனோல அடி ஒல்லியானா ரெண்டு மைக்கும் எதிர்ப் பக்கமா இழுக்குது, ஆடாசிட்டில ஒரு டிராக்கைத் தேர்ந்தெடுத்து இன்வர்ட் (அலையைத் தலைகீழாக்குறது) கொடுங்க, தடிமன் திரும்பி வரும். நம்ம பாட்டை ஜனங்க கேக்குறது போன் ஸ்பீக்கர்லயும் ஆட்டோலயும்தான், அங்க எல்லாம் பெரும்பாலும் மோனோ.